ஐஸ்கட்டியின் மேல் வைத்த கை

பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. இளவரசு போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார், "ரூம்ல நீங்க இருக்கலாம் சலேத், ஆனா உங்க வாய் இருக்கக் கூடாது. உங்க புத்தகம்தான் பேசணும்," என்று. அதனால்தான் இந்த ஜன்னலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் தண்ணீர் பாட்டில், பேச்சு தொண்டைக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிடுவது என்று திட்டம், விளையாட்டு இன்னும் தொடங்கவே இல்லை, பாட்டில் பாதி காலி. ஷாஹிதாவின் மருந்துக்கடைக்கு மேல் மாடி இது, சரக்கு வைக்கிற அறை, சுவரோரம் அட்டைப்பெட்டிகள், மூலையில் இன்சுலின் வைத்திருக்கிற கண்ணாடி ஃபிரிட்ஜ், தலைக்கு மேலே ஏசி. ஏசி இருக்கிறது என்பதால்தான் இந்த இடத்துக்கே ஒப்புக்கொண்டேன். தூத்துக்குடியில் மே மாசத்து மூன்று மணி வெயில், மேஜை நடுவில் எவர்சில்வர் தாம்பாளம், தாம்பாளத்தில் ஐஸ்கட்டி. துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் அறுத்து வாங்கி, தெர்மாக்கோல் பெட்டியில் வைத்து, ஸ்கூட்டியில் காலடியில் இடுக்கிக்கொண்டு வந்தது. அது உருகி முடிவதுதான் விளையாட்டின் முடிவு. கடிகாரம் கிடையாது, கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒரு பகடை, ஒரு கிண்ணம் கல்லுப்பு, ஒரு ஐஸ்கட்டி, நான் எழுதிய நாற்பது பக்கம். மூன்று வருஷமாக என் வாயால் நடத்தியே பழகிய விளையாட்டு, அலுவலகத் தோழிகளிடம், தம்பியிடம், சித்தி மக்களிடம், எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள், எனக்காகப் பயந்தவர்கள். இன்றைக்குத்தான் என்னைத் தெரியாத நான்கு பேர், இளவரசும் அவர் கூட்டிச் சேர்த்த மூன்று பேரும், நான் இல்லாதது போல, என் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு.

இளவரசு முதல் பக்கத்தைத் திறக்கிறார். சேலத்துக்காரர், வங்கியில் வேலை, இங்கே மாற்றலாகி வந்தவர், தமிழில் இந்த மாதிரி விளையாட்டு விளையாடுகிறவர்கள் இணையத்தில் வைத்திருக்கிற சின்னக் குழுவில் அறிமுகம், நேரில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், குரல் நன்றாக இருக்கிறது, கடவுளே, குரல் நன்றாக இருக்கிறது. "நான் இதுல நடத்துநர்," என்கிறார். "நீங்க மூணு பேரும் தூரத்து நிலா ஒண்ணுல இருக்கற ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாக்கறவங்க. என்ன நடக்குதுன்னு நான் சொல்வேன், நீங்க என்ன செய்யறீங்கன்னு நீங்க சொல்லணும்." நடத்துநர். அந்த வார்த்தையைச் சொன்னதுமே எனக்குத் தெரியும், இப்போது வரும், இதோ வருகிறது, ரத்தினகுமார் அண்ணாச்சி கையை நீட்டுகிறார், "அப்போ ஏரலுக்கு மூணு டிக்கெட் குடுங்க சார்." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் மனைவி தங்கபுஷ்பம் தோளில் தட்டி, "சும்மா இரிங்க, அந்தப் பிள்ளை பாத்துக்கிட்டு இருக்குல்லா," என்று என் பக்கம் கண்ணைக் காட்டுகிறாள். நான் ஜன்னலைப் பார்க்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். நிவேதன் சொன்னது இதைத்தானே. முதல் வருஷம் முழுக்க என்னோடு சேர்ந்து எழுதியவன், பெங்களூரிலிருந்து வாராவாரம் கூப்பிட்டுப் பேசியவன், ஒருநாள், "சலேத், இத இங்கிலீஷ்ல மாத்திருவோம். தமிழ்ல எழுதினா பயம் வராது, சிரிப்புதான் வரும்," என்று சொல்லிவிட்டு, நான் மாட்டேன் என்றதும் கோபம்கூட இல்லாமல் விலகிக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். அவன் இரக்கப்பட்டான். நடத்துநர், கதைசொல்லி, ஆட்டக்காரர், வழிகாட்டி, எத்தனை வார்த்தை போட்டு அடித்திருப்பேன், கதைசொல்லி என்றால் மேடை ஏறித் தொண்டையைச் செருமுகிற ஆள் மாதிரி இருந்தது, வழிகாட்டி என்றால் சுற்றுலா. பஸ்ஸில் நடத்துநர் என்ன செய்கிறார், எல்லோரும் ஏறியாச்சா என்று பார்த்து விசில் ஊதுகிறார், எங்கே இறங்கணும் என்று ஞாபகம் வைத்திருக்கிறார், எனக்கு அதுதான் வேண்டும், ஆனால் அதை இப்போது எழுந்து சொல்ல முடியாது. சிரிக்கட்டும். ஒரு தடவை சிரிக்கட்டும். இரண்டாம் தடவை சிரித்தால் நான் இறங்கிக் கீழே போய்விடுவேன், மருந்துக்கடையில் நின்று தலைவலி மாத்திரை கேட்பேன்.

இளவரசு சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கிறார், காத்திருக்கத் தெரிந்த மனுஷன், பிறகு நான் எழுதியதை வாசிக்கிறார். "நீங்கள் நிற்கும் இடம் தரை இல்லை. உறைந்துபோன ஒரு கடலின் மேல்தோல். சூரியன் இங்கே ஒரு பெரிய நட்சத்திரம், அவ்வளவுதான். கீழே இருப்பது தூங்குகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஐஸ் இருக்கும்வரை தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை." என் வாக்கியம் அடுத்தவர் வாயிலிருந்து வருகிறது. எனக்குக் காது சுடுகிறது. அது என்னுடையது மாதிரியே இல்லை, யாரோ எனக்கு முன்னாலேயே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது, 'மேல்தோல்' என்று அவர் சொன்ன விதத்தில் ஷாஹிதா மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள், நான் பார்த்தேன், எடுத்துக்கொண்டாள். விளையாட்டில் ஷாஹிதாவுக்கு இயந்திரம் பார்க்கிற வேலை, தங்கபுஷ்பம் ஐஸில் துளை போடுகிறவள், அண்ணாச்சி வைத்தியர். நிஜத்தில் அண்ணாச்சிதான் துறைமுகத்தில் இழுவைப் படகில் இஞ்சின் பார்க்கிறவர், "பொழுதன்னைக்கும் இஞ்சின்தானே, இன்னைக்கு ஊசி போடுதேன்," என்று வைத்தியரை எடுத்துக்கொண்டார். கீழே இருப்பதற்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தேன், உரு, பொருள், மூச்சு என்று, பெயர் வைத்ததும் அது சின்னதாகிவிட்டது, அதனால் 'கீழே இருக்கிறது', அவ்வளவுதான், பெயர் வைக்கிறவர் ஐஸில் உப்புப் போட வேண்டும். பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தாலும் உப்பு, உப்புப் பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும். தங்கபுஷ்பத்துக்கு முதல் எறிதலிலேயே ஒன்று. ஒரு ஸ்பூன் கல்லுப்பை ஐஸ் மேல் தூவுகிறாள், சமையலில் போடுகிற அதே கை, ஒன்றும் நடக்கவில்லை, அவள் என்ன இது என்பது போலப் புருஷனைப் பார்க்கிறாள், இரு, இரு அக்கா, கொஞ்சம் பொறு, இப்போது, இப்போது. டிக். விரிசல் ஒன்று ஐஸுக்குள்ளே வெள்ளையாக ஓடுகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிகிறார்கள். "ஆத்தாடி, உள்ளேயிருந்து சத்தம் வருது," என்கிறாள் தங்கபுஷ்பம். இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் பெட்டிகளின் குளிரைச் சோதிக்கிற வேலை எனக்கு, ஒருநாள் மதியம் தனியாகக் குளிர் அறையில் நின்றபோது கேட்ட சத்தம் இது, உப்புப் பட்ட ஐஸ் பேசுகிற சத்தம், அன்றைக்கு என் பிடரி மயிர் எழுந்தது, அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத்தான் மூன்று வருஷம். இப்போது அது அவர்கள் பிடரிக்குப் போய்விட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருக்கிறது. பாட்டிலை இறுக்கிப் பிடிக்கிறேன், அது நசுங்கிச் சத்தம் போடுகிறது, ஷாஹிதா திடுக்கிட்டுத் திரும்புகிறாள், மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ ஷாஹிதா, அது நான்தான்.

போய்க்கொண்டிருக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. துளைக்குள் இறக்கிய கம்பி இறக்கியதைவிட நீளமாக ஏறி வருகிறது, அந்த இடத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, என் தம்பி சிரித்துவிட்டான், இவர்கள் சிரிக்கவில்லை. ஷாஹிதா, "கூட வந்த கம்பி நம்மளோடதுதானா, இல்ல அங்கேயே செஞ்சதா?" என்று கேட்கிறாள், மூன்று வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி, எனக்கே தோன்றாத கேள்வி, அங்கேயே செஞ்சதா, யார் செய்தது, எதற்கு, நம்முடையதைப் பார்த்துச் செய்ததா, என் மூளை எழுந்து அறைக்குள் ஓடுகிறது. அப்போதுதான் ஏசி நின்றது. லைட் போனது. மின்சாரம் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் மட்டும், அதுவும் அட்டைப்பெட்டிகளைத் தாண்டி ஐஸ் மேல் மங்கலாக. ஷாஹிதா, "இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் இருக்கு, ஏசிக்கு இல்ல," என்கிறாள். முடிந்தது. மூன்று மணி நேரத்துக்கு என்று கணக்குப் போட்ட ஐஸ், ஏசியில் சோதித்தது, இந்த வெக்கையில் அரை மணி தாங்குமா, பாதிக் கதைகூட வரவில்லை, நிறுத்துங்கள், தெர்மாக்கோல் பெட்டி இருக்கிறது, அதில் எடுத்து வைத்துவிட்டு மின்சாரம் வந்ததும் தொடங்கலாம், இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு வாக்கியம், வாயைத் திறக்கிறேன், இளவரசு என்னைப் பார்க்கிறார், தலையை மட்டும் இல்லை என்று அசைக்கிறார். பாட்டிலில் தண்ணீர் இல்லை. இன்சுலின் ஃபிரிட்ஜ் மட்டும் ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில். அந்தச் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும், அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டியும் இதே சுருதியில்தான், தம்பி ரீகன் தோஹாவிலிருந்து வரும்வரை இரண்டு நாள், வீட்டு முன்னறையில், மாலைகளுக்கு நடுவில். இரண்டாம் நாள் இதே மாதிரி மின்சாரம் போனது. பெட்டி நின்றுபோனது. ஆண்கள் ஜெனரேட்டருக்கு ஓடினார்கள், பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு விசிறி தேடினார்கள், நான் மட்டும் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. கெட்டுப்போய்விடுவார் என்று நான் பயப்படவில்லை. குளிர் விட்டால் விரலை அசைப்பாரோ என்று நினைத்தேன். அசைக்கக் கூடாது என்று பயந்தேனா, அசைக்கட்டும் என்று ஆசைப்பட்டேனா, இரண்டும் ஒன்றாகவே இருந்தது, கண்ணாடியில் என் கை வைத்த இடம் மட்டும் ஆவி படிந்து மங்கியது. அடிப்பாவி. நீ எழுதியது இதைத்தானா. தூரத்து நிலா, உறைந்த கடல், துளைக்கம்பி என்று நாற்பது பக்கம் எழுதினாயே, இதைத்தானா.

தாம்பாளத்தில் தண்ணீர் கட்டிவிட்டது. சட்டைகள் முதுகில் ஒட்டுகின்றன. இளவரசு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, குரலைத் தணித்துச் சொல்கிறார், "நிலையத்துல கரண்ட் போச்சு." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "வெளியில மைனஸ் நூத்தி அறுவது டிகிரி. ஆனா உங்களுக்கு வேர்க்குது." அண்ணாச்சி கழுத்தைத் துடைக்கப்போன கையை அப்படியே நிறுத்திப் பார்க்கிறார், விரலில் வேர்வை, நிஜ வேர்வை. "ஏன் வேர்க்கு?" என்று கேட்கிறார், விளையாட்டுக்காகக் கேட்கிற மாதிரி இல்லை. ஷாஹிதா மெதுவாக, "சூடு மேலேயிருந்து வரலைண்ணே. கீழேயிருந்து வருது," என்கிறாள். யோசித்துப் பார்த்தேனா இதை, ஒருநாளாவது யோசித்தேனா, குளிரைச் சொல்லத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன், வெக்கையில் உட்கார்ந்து விளையாடினால் அந்த வெக்கையே அது ஏறி வருகிற செய்தி என்று இந்தக் கந்தக பூமியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தோன்றவில்லை, சேலத்து மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. ஐஸ் இப்போது சோப்புக்கட்டி அளவு. கடைசி விதிக்கு வந்துவிட்டார்கள், ஒருவர் ஐஸ் மேல் உள்ளங்கையை வைத்திருக்கும்வரை கீழே இருப்பது வெளியே வராது, மற்றவர்கள் தப்பிக்கலாம், ஆனால் கையின் சூட்டில் ஐஸ் இன்னும் சீக்கிரம் கரையும். வைத்தவருக்கு மீட்சி இல்லை. உப்பைக் கழுவிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், உப்பு ஐஸில் என் தோல் வெந்துபோனது எனக்குத் தெரியும். யார் என்று இளவரசு கேட்கிறார். தங்கபுஷ்பம் சொம்புத் தண்ணீரை ஐஸ் மேல் ஊற்றி உப்பைக் கழுவுகிறாள், வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை வைக்கிறாள். பேய்க்கதை என்றாலே ஆகாது, துணைக்குத்தான் வந்தேன் என்று படியேறும்போது சொன்னவள். "நீங்க போங்க," என்கிறாள். ஷாஹிதா, "நான் விண்கலத்துல ஏறிட்டேன்," என்கிறாள். அண்ணாச்சி நகரவில்லை. "போங்கன்னு சொல்லுதேன்லா," என்கிறாள் தங்கபுஷ்பம். "இது வெளாட்டுதானே." "வெளாட்டுதான்," என்கிறார் அவர். "நான் போவலை." தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஐஸ் மேல் வைக்கிறார், இடம் போதாமல் பாதி அவள் விரல் மேல்.

இரண்டு கை. புத்தகத்தில் இரண்டு கைக்கு விதி இல்லை. நாற்பது பக்கம் எழுதினாய், இரண்டு பேர் வைத்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை, யாருமே கூட நிற்க மாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்தாய் சலேத். இளவரசு புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார். கடைசிப் பக்கம், முந்தின பக்கம். என்னைப் பார்க்கிறார். என்னிடமும் இல்லை. அவர் புத்தகத்தைக் கீழே வைக்கிறார். அந்த இருவரின் கைகளையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். ஃபிரிட்ஜ் சத்தம், தெருவில் ஒரு ஆட்டோ, தாம்பாள விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர். "மொதல்ல குளிருது," என்கிறார். "அப்புறம் மரத்துப்போகுது. அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியுது. ஐஸுக்கு அந்தப் பக்கம், கீழ, நீங்க கை வச்ச அதே எடத்துல..." நிறுத்துகிறார். "அதுவும் கை வச்சிருக்கு."

தங்கபுஷ்பம் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், அது மட்டும் கேட்டது. கையை எடுக்கவும் இல்லை, இருவருமே எடுக்கவில்லை, ஷாஹிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முழங்காலிலிருந்து உச்சந்தலைவரை மயிர் எழுந்து நிற்கிறது, என் விளையாட்டு எனக்கே பயம் காட்டுகிறது, இதற்குத்தானே, இதற்குத்தானே இத்தனை வருஷம், கண்ணாடி மேல் நான் வைத்த கை, உள்ளே, அந்தப் பக்கம், ஐயோ அப்பா. அழுகிறேனா, ஆமாம், அழுகிறேன், சிரித்துக்கொண்டே, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி துணி எடுக்கிறாள், அவளுக்கு என்ன தெரியும் இங்கே ஒரு நிலா உடைந்துகொண்டிருக்கிறது என்று. "அது தள்ளுதா?" என்று அண்ணாச்சி கேட்கிறார். "இல்ல சார்," என்கிறார் இளவரசு. " சும்மா வச்சிருக்கு." "எதுக்கு?" "தெரியல." தங்கபுஷ்பம் ஐஸையே பார்த்துக்கொண்டு, "அதுக்கும் துணை வேணும்போல," என்கிறாள். அப்படியே இருந்தார்கள். ஐஸ் அவர்கள் விரல்களுக்கு நடுவில் மெலிந்து, வழுக்கி, ஒரு கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகி, பிறகு இல்லை. இரண்டு உள்ளங்கையும் தாம்பாளத்தில் வெறும் தண்ணீரில் கிடந்தன. "முடிஞ்சிது," என்றார் இளவரசு. யாரும் எழுந்திருக்கவில்லை.

மின்சாரம் வந்தபோதுதான் எல்லோரும் மனுஷர்கள் ஆனார்கள். அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சுத்தமா மரத்துப்போச்சு," என்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார், தங்கபுஷ்பம் அந்தக் கையை வாங்கித் தேய்த்துவிட்டாள், நாங்கள் இருக்கிறோம் என்கிற கூச்சம்கூட இல்லாமல். இளவரசு என் பக்கம் திரும்பி, "இப்ப பேசலாம்," என்றார். பேசு. இவ்வளவு நேரம் அடக்கிவைத்த பேச்சு வரிசையாக நிற்கிறது, எதை முதலில் விடுவது, கடைசியில் எனக்கு வந்தது ஒன்றுதான், "அந்தக் கை. அத நான் புத்தகத்துல சேத்துக்கலாமா?" இளவரசு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உங்களுதுதானே அது? முழுக்கப் படிச்சப்ப, கடைசியில அதுதான் வரப்போவுதுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. ஏதோ காரணத்துக்காக எழுதாம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்." அதற்குள் ஷாஹிதா புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இத நான் கொண்டுபோறேன். காயல்பட்டணத்துல என் தங்கச்சியும் மச்சிமாரும் இருக்காங்க, வர்ற ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு நான் நடத்தப்போறேன்." நானும் வரட்டுமா என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்க வேண்டாம்," என்றாள் ஷாஹிதா. "மூலையில உக்காந்து ஒருத்தி அழுதா அவங்க கவனம் அங்கதான் போகும்." அண்ணாச்சி சிரித்தார், தங்கபுஷ்பம் சிரித்தாள், நானும் சிரித்தேன், வயிறு குலுங்க. என் விளையாட்டு என்னை விட்டு ஊர் போகிறது, நான் இல்லாத ஒரு வீட்டுக்கு, எனக்குத் தெரியாத பெண்கள் தங்கள் கையை வைக்கப்போகிறார்கள், அவர்களுக்குக் கீழே என்ன இருக்குமோ அது எனக்குத் தெரியவே போவதில்லை. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது, அவசரப்படாதே, சத்தம் வரும்வரை பொறு, யாராவது சிரித்தால் சிரிக்க விடு, இரண்டு கைக்கு விதி எழுதித் தருகிறேன் என்றெல்லாம். ஒன்றையும் சொல்லவில்லை. அவள் படி இறங்கும்போது மட்டும் கூப்பிட்டு, "ஐஸ் பெரிய கட்டியா வாங்கிக்க ஷாஹிதா," என்றேன்.